நிழலைப் பார்த்து நாளை வகுத்தல்: யாழ்ப்பாணத்துச் சித்திர மாணவருக்கு

உயர்தரத்தில் சித்திரம் எடுத்தவர்களும் நுண்கலை பயில்பவர்களும் தம் நாளைப் பாடவேளைகளின்படி வகுத்துக்கொள்வதே வழக்கம். வெளியில் அமர்ந்து வரைய விரும்புபவருக்கு அது போதாது. அவர் நிழலின் நீளத்தைப் பார்த்தே நாளை வகுக்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் ஏப்ரல் நடுவிலும் ஓகஸ்ட் இறுதியிலும் நண்பகற் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சிக்கு வந்துவிடுகின்றது. அந்நாட்களில் 12 மணியளவில் வேலியின் நிழல் வேலியின் அடியிலேயே ஒடுங்கிப்போவதால், பொருளின் திரட்சியைக் காட்டும் வெளிச்சமும் இருளும் அகன்று எல்லாம் தட்டையாகத் தெரியும். ஆகவே காலை 6.30 முதல் 8.30 வரையிலான நேரமும் மாலை 4.30க்குப் பிந்திய நேரமும் வரைவதற்குரியவை. இடைப்பட்ட நேரத்தை வேறு வேலைகளுக்கு விட்டுவிடலாம்.

புறப்படுவதற்கான ஆயத்தத்தை முதல்நாள் இரவே செய்துவிடுங்கள். ஒரு மென்பலகை, தடித்த கடதாசி, 2பி, 4பி, 6பி பென்சில்கள், சீவுவதற்கு ஒரு கத்தி, தொப்பி ஆகியவை போதும். கடதாசியை இரண்டு கிளிப்புகளால் மேற்பக்கம் மட்டும் பிடித்துவைப்பவர்கள் சோளகம் வீசும் மாதங்களில் வரைவதைவிடக் கடதாசியைத் துரத்துவதிலேயே அதிக நேரத்தைச் செலவிடுவார்கள். நான்கு மூலையிலும் கிளிப் போடவேண்டும். நீர்வர்ணம் தீட்டுவதானால் தண்ணீரை வீட்டிலிருந்து போத்தலில் கொண்டுபோவதே நல்லது. கரையோரத்துக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் உவராக இருக்கும். உப்பு ஈரத்தை இழுத்துக்கொள்வதால் வர்ணம் சீராகக் காயாமல் திட்டுத்திட்டாக நின்றுவிடும்.

காலை வேளைக்குப் பொருள் தேடி அலையவேண்டியதில்லை. ஒரு வடலியை, அதாவது இளம்பனையை, தெரிவுசெய்யுங்கள். பனை நமக்கு மிகவும் பழகிய மரமாதலால் அதைப் பார்க்காமலே வரைந்துவிடுகிறோம் என்பதுதான் அதிலுள்ள சிக்கல். மாணவர்கள் வரையும் பனைகளிற் பாதி தென்னைகளாகவே இருப்பதை நான் கண்டிருக்கிறேன். தென்னோலை நடுநரம்பின் இருபுறமும் கீற்றுகளாகப் பிரிவது. பனையோலையோ விசிறிபோல ஓரிடத்திலிருந்து விரிவது. முதலில் பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து, அடிமரத்தின் உயரம் தலைப்பகுதியின் உயரத்தைப்போல எத்தனை மடங்கு என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஓலைகளை ஒவ்வொன்றாகத் தொடங்காமல், தலை முழுவதையும் ஒரு பந்தாகக் கருதி மெல்லிய கோட்டில் இட்டு, அதன் எப்பக்கத்தில் வெயில் படுகிறது என்பதைத் தீர்மானியுங்கள். உங்களை நேராகப் பார்க்கும் ஓலை வட்டமாகவும், பக்கவாட்டில் திரும்பிய ஓலை ஒடுங்கிய நீள்வட்டமாகவும், விளிம்பு மட்டும் தெரியும் ஓலை வெறுங்கோடாகவும் அமையும். இம்மூன்றையும் கலந்து வரைந்தாலே தலைக்குத் திரட்சி வந்துவிடும். ஓலைகளுக்கிடையே தெரியும் வானத்தின் துண்டுகளையும் உருவங்களாகவே நினைத்து வரையுங்கள். நடுவில் நிமிர்ந்து நிற்கும் குருத்தோலை, கீழே தொங்கும் காவோலை, அடியிற் செறிந்திருக்கும் பழைய மட்டைகள் ஆகியவற்றை இறுதியாகச் சேர்க்கலாம். மட்டையின் கருக்கை முழுநீளத்துக்கும் பல்பல்லாக வரைவது வீண்வேலை. வெயிலும் நிழலும் சந்திக்கும் இடத்தில் நாலைந்து பற்களைக் காட்டினால் மிகுதியைப் பார்ப்பவர் கண்ணே நிரப்பிக்கொள்ளும்.

வகுப்பு நேரத்தைப் பற்றி இங்கே சொல்ல அதிகமில்லை. ஆனால் காங்கேசன்துறை வீதியால் மருதனார்மடத்துக்கு நுண்கலை வகுப்புக்காகப் பஸ்ஸிற் போய்வருபவர்கள் அந்தப் பயணத்தையும் வீணாக்கத் தேவையில்லை. முன் ஆசனத்தவரின் தோளும் கழுத்தும் சாய்ந்திருக்கும் விதத்தை அரை நிமிடத்தில் ஒரு சிறு கொப்பியிற் பிடிக்கப் பழகலாம். முகத்தை உற்றுப் பார்த்து வரைவது நாகரிகமல்ல.

மத்தியான வெயிலில் வர்ணம் செய்துபார்க்கலாம். வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணுக்குச் சிவப்பைத் தருவது இரும்பின் ஒட்சைட்டு. அது வெளிச்சத்தில் மங்காத நிறப்பொருள். உலர்ந்த மண்ணை இடித்துத் தண்ணீரிற் கலக்கி, மணல் அடியிற் படிய ஒரு நிமிடம் விட்டு, மேலே நிற்கும் கலங்கல் நீரை வேறு பாத்திரத்தில் வடித்துக்கொள்ளுங்கள். இவ்வாறு இரண்டு மூன்று தடவை செய்தபின் ஒரு நாள் அசையாமல் வைத்துத் தெளிந்த நீரை ஊற்றிவிட்டால், அடியில் நயமான சேறு தங்கும்; அதைக் காயவைத்துக்கொள்ளலாம். கருவேலம் பிசின் ஒரு பங்கை இளஞ்சூடான நீர் இரண்டு பங்கிற் கரைத்து, வெடிக்காமலிருக்கச் சிறிது தேனும் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க ஒரு துளி கராம்பு எண்ணெயும் சேர்த்து, அக்கலவையோடு அந்தத் தூளைக் கண்ணாடித் துண்டின்மேல் நன்றாக அரைத்தால் நீர்வர்ணம் ஆயத்தம். விரலால் தொட்டுப் பார்க்கையில் மணல் உறுத்தினால் இன்னும் அரைக்கவேண்டும். கடைகளில் விற்கும் செங்கபில வர்ணத்தைவிட இது சற்றுக் கனமாகப் படியும். எனக்கு அதுவே பிடிக்கும்.

மாலையிற் கோட்டைக்குப் போங்கள். 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பற்றிய பின்னர் ஐந்து மூலைகளுடன் கட்டியெழுப்பப்பட்ட அதன் மதில்களில் முருகைக்கற்கள், அதாவது பவளப்பாறைக் கற்கள், நிறைய உண்டு. சாய்வெயில் படும்போது அக்கற்களின் ஒவ்வொரு துளையும் தனித்தனி நிழல் கொள்வதால், துளைகளை எண்ணி வரையும் ஆசை எழும். அதை அடக்கிக்கொண்டு, முழு மதிலையும் இரண்டே தொனிகளாகப் பிரித்துத் தீட்டி, அவை சேரும் ஓரத்தில் மட்டும் துளைகளைக் காட்டுங்கள். பிறகு பண்ணைக் கடற்பக்கம் திரும்பினால் வானத்தின் நிறம் நீங்கள் தூரிகையைக் கழுவி முடிப்பதற்குள் மாறிவிடும். அந்த நேரத்தில் வர்ணத்தைத் தொடாமல், பென்சிற் கோட்டின்மேல் “நீருக்கு மேலே மாம்பழ மஞ்சள், அதற்கு மேலே சாம்பல்” என்று சொற்களாற் குறித்துக்கொண்டு வீட்டில் தீட்டுவதே புத்தி.

இரவில் அன்றைய படங்களைச் சுவரிற் குத்தித் தலைகீழாகப் பாருங்கள். சாய்ந்துபோன கோடுகள் உடனே தெரியும். திகதியும் நேரமும் பின்புறம் எழுதி, ஈரம் முற்றாகப் போனபின்னரே அடுக்குங்கள். நான் ஒரு கார்த்திகை மழையில் ஒரு மாதத்துப் படங்களைப் பிளாஸ்ரிக் பையில் இறுகக் கட்டி, நிலத்தோடு மூலையில் வைத்து, மாசியிற் பிரித்தபோது எல்லாவற்றிலும் மண்ணிறப் புள்ளிகள் படர்ந்திருந்தன. நிலத்திலிருந்து உயர்த்தி, சுவரிற் படாமல், காற்றுப் போகும் தட்டில் வைத்தால் இது பெரும்பாலும் நேராது. மறுநாளுக்குக் கடதாசியைப் பலகையில் ஏற்றும்போது வேறு மரத்தைத் தேடவேண்டாம். அதே வடலிக்குப் பத்து அடி இடப்புறமாக இருந்து வரையுங்கள்.