பசவனகுடி கடலைக்காய்ப் பரிஷைக்குப் போகிறவர்களுக்கு

பசவனகுடியின் நந்தி கோயிலை ஒட்டி ஆண்டுதோறும் கூடும் நிலக்கடலைச் சந்தைதான் கடலைக்காய்ப் பரிஷை. பெங்களூருத் தமிழர்கள் இந்தச் சந்தையைத் தவறவிடுவதற்கு முதல் காரணம், வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டிதான். கார்த்திகையின் கடைசித் திங்களன்று பரிஷை கூடும் என்பது சரி. ஆனால் அது நிலவை வைத்துக் கணக்கிடும் கன்னடரின் சந்திரமானக் கார்த்திகையே தவிர, சூரியனை வைத்துக் கணக்கிடும் நம்முடைய சூரியமானக் கார்த்திகை அன்று. தீபாவளி அமாவாசைக்கு அடுத்த அமாவாசை எப்போது என்று பார்த்து, அது கழிவதற்குள் வரும் கடைசித் திங்கட்கிழமையைக் குறித்துக்கொள்ள வேண்டும். 2024இல் அது நவம்பர் 25. நம் கணக்கை நம்பி டிசம்பர் 9 அன்று போன நான், பெருக்கித் துடைத்த சாலையைத்தான் கண்டேன்.

கோயில் இருக்கும் புல் டெம்பிள் (Bull Temple) சாலையில் அந்நாள்களில் வண்டிகளைத் திருப்பிவிடுவார்கள் என்பதால், மெட்ரோவின் பச்சை வழித்தடத்தில் நேஷனல் கல்லூரி நிலையத்தில் இறங்கி நடப்பதே நல்லது. முதலில் கோயிலுக்குள் சென்று, ஒரே பாறையில் செதுக்கிய, ஏறத்தாழ 15 அடி உயரமுள்ள நந்தியைப் பாருங்கள். சுங்கேனஹள்ளி, மாவள்ளி முதலிய ஊர்களின் கடலை வயல்களை இரவில் மேய்ந்துபோன காளையை உழவர்கள் விரட்டிச் சென்றபோது அது கல்லாகிவிட்டது என்றும், அன்றிலிருந்து முதல் விளைச்சலைப் பசவனுக்கு, அதாவது நந்திக்கு, படைத்த பிறகே விற்பது வழக்கம் என்றும் கதை சொல்வார்கள். கோயிலைக் கட்டியவர் பெங்களூரை நிறுவிய 16ஆம் நூற்றாண்டின் கெம்பெகவுடா என்பார்கள்; நிலக்கடலையோ தென் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த பயிர். அப்படியானால் காளை மேய்ந்தது எந்தக் கடலையை என்று கேட்கத் தோன்றும். அங்கே கேட்க வேண்டாம்.

வாங்கும்போது அவசரப்படாதீர்கள். சாலையின் இருபுறமும் குவியல்கள் இருக்கும். பச்சை, வறுத்தது, அவித்தது என்று மூன்று வகையும் கிடைக்கும். கன்னடத்தில் பச்சைக் காய்க்கு 'ஹசி' என்று கேட்க வேண்டும். ஒரு காயை உடைத்து ஓட்டின் உட்புறத்தைப் பாருங்கள்: பழுப்பேறியிருந்தால் முற்றியது, வெள்ளையாக இருந்தால் பிஞ்சு. இப்படி உடைத்துத் தின்றுபார்ப்பதை இங்கே யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. படியால் அளந்து கொட்டிய பின் விற்பவரின் கை தானாகக் குவியலுக்குத் திரும்பிக் கொசுறாக ஒரு பிடி அள்ளிப் போடும். எடை பார்த்து உறையில் இட்டு ஒட்டி விற்கும் கடைகளில் காணக் கிடைக்காத அந்த ஒரு பிடிக்காகவே, பேரத்தை ஓரளவோடு நிறுத்திக்கொள்வது முறை.

துணிப்பை கொண்டுசெல்லுங்கள். பச்சைக் காயை வீட்டுக்கு வந்ததும் பழைய வேட்டியில் பரப்பி உலரவிட வேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் இரண்டொரு நாளில் பூசணம் பிடித்துவிடும்.