பூட்டிக் கிடந்த வீட்டின் றோலர் கதவு: ஊருக்குப் போவோர் கவனத்துக்கு

கட்டுநாயக்காவில் இறங்கி, ஏ9 வீதியால் இரவிரவாகப் பயணம் செய்து, விடியற்காலையில் யாழ்ப்பாணத்து வீட்டு வாசலில் வானை நிறுத்துபவர்களை முதலில் எதிர்கொள்வது பெரும்பாலும் கராச்சின் மின்சார றோலர் கதவுதான். ஈராண்டு பூட்டிக் கிடந்த என் வீட்டில் அது அசைய மறுத்தது. பயணப் பெட்டியின் மேல் உட்கார்ந்து அரை மணி நேரம் றிமோட்டை அழுத்திக்கொண்டிருந்தேன். பக்கக் கதவின் திறப்பு எங்கே என்று அயல்வீட்டு அண்ணர் கேட்டபோதுதான், அது கராச்சுக்கு உள்ளே, மோட்டருக்குக் கீழே ஓர் ஆணியில் தொங்குவது நினைவுக்கு வந்தது. ஆகவே வீட்டுக்குள் நுழைய மின்சாரம் தேவைப்படாத ஒரு வழி இருக்க வேண்டும் என்பதையும், அதன் திறப்பு வீட்டுக்கு வெளியே நம்பிக்கையான ஒருவரிடம் இருக்க வேண்டும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உள்ளே போனதும் மோட்டரை ஆராயத் தொடங்காமல், கதவைக் கையால் இயக்கிப் பாருங்கள். வீடுகளில் பொதுவாக இரண்டு வகைக் கதவுகள் உள்ளன. மெல்லிய தகட்டாலான இலகுவான கதவில், உருளைக்குள் இருக்கும் சுருள்வில்லே பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்குகிறது; மோட்டர் அதற்குக் கைகொடுக்கிறது, அவ்வளவுதான். மோட்டரோரம் தொங்கும் கயிற்றை இழுத்தால் பிணைப்பு விடுபடும், அதன்பின் ஓர் ஆளே கதவைத் தூக்கலாம். தடித்த இரும்புக் கதவில் மோட்டரே முழுப் பாரத்தையும் இழுப்பதால், மின்சாரம் இல்லாத வேளையில் பக்கத்தில் தொங்கும் சங்கிலியை இழுத்துத்தான் அதை ஏற்றி இறக்க வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும், கதவு மேலே நிற்கும்போது முதல் வகையின் கயிற்றை இழுக்காதீர்கள். வில் அறுந்திருந்தால் முழுக் கதவும் ஒரே வீச்சில் கீழே வரும். கீழே இறங்கிய நிலையில் பிணைப்பை விடுவித்து, முழங்கால் உயரத்துக்கு மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். இலேசாக எழுந்தால் வில் நன்றாக இருக்கிறது, பிழை மின்சாரப் பக்கத்தில். கல்லைப் போலக் கனத்தால் பிழை வில்லில். அப்போது மோட்டரை மீண்டும் மீண்டும் இயக்குவது நல்ல மோட்டரையும் எரிப்பதற்கே உதவும்.

கதவு இலேசாக எழுந்தும் மோட்டரில் சத்தமே இல்லையென்றால், மின்சாரம் அதுவரை வந்து சேருகிறதா என்று பாருங்கள். இதைச் சொல்வது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் கூரையோரப் பிளக் பொயின்றின் சுவிச்சை யாரோ நல்லெண்ணத்துடன் அணைத்துவிட்டுப் போயிருப்பதே பல வீடுகளில் முழு நோயும். அதே பொயின்றில் ஒரு மேசை விளக்கைப் பொருத்தினால் ஐயம் தீரும். சதுர முள் கொண்ட 13 அம்பியர் பிளக்காக இருந்தால் அதற்குள்ளும் ஒரு பியூஸ் உண்டு. ட்ரிப் சுவிச் மேலே தள்ளத் தள்ள விழுந்துகொண்டேயிருந்தால் எங்கோ மின்கசிவு இருக்கிறது. எலி கடித்த வயரோ, கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் எறும்பு கட்டிய புற்றோ, அதன் மின்சுற்றுப் பலகையில் கருகிக் கிடக்கும் பல்லியோ காரணமாக இருக்கலாம். சுவிச்சை வற்புறுத்தி மேலே நிறுத்தாமல் மின்வேலை தெரிந்தவரை அழையுங்கள்.

மோட்டர் உறுமுகிறது, ஆனால் சுழலவில்லை என்பது வேறு கதை. நேர்மின் அல்லாத சாதாரண 230 வோல்ட் மோட்டர்களில் இதற்கு வழக்கமான காரணம், மோட்டரைச் சுழலத் தொடங்க வைக்கும் கொள்ளளவி (கப்பாசிற்றர்) பழுதானது. மாலையில் எல்லா வீடுகளிலும் விளக்கெரியும் நேரத்தில் மட்டும் உறுமினால், மின்தொடரின் கடைசியில் உள்ள உங்கள் வீட்டுக்கு மின்னழுத்தம் குறைவாக வருகிறது எனலாம். பலமுறை ஏற்றி இறக்கிய பிறகு நின்றுபோனால் வெப்பப் பாதுகாப்புச் சுவிச் துண்டித்திருக்கும். இவ்வகை மோட்டர்கள் தொடர்ந்து நான்கைந்து நிமிடம் ஓடவே அமைக்கப்பட்டவை என்பதால், அரை மணி நேரம் ஆறவிட்டால் தானாகவே உயிர் பெறும்.

சுவர்ப் பொத்தானுக்கு அசைந்து றிமோட்டுக்கு அசையாவிட்டால் மோட்டரில் குற்றம் இல்லை. றிமோட்டின் சிறு விளக்கு எரிவதை நம்பாதீர்கள். வலுவிழந்த பற்றறியும் அந்த விளக்கை எரித்துவிடும். தொலைக்காட்சி றிமோட்டைக் கைப்பேசிக் கமராவில் பிடித்துப் பார்க்கும் உத்தியும் இங்கே பயன்படாது. அது அகச்சிவப்பு ஒளி, இது வானொலி அலை. பல றிமோட்டுகளில் 23ஏ எனப்படும் சிறிய 12 வோல்ட் பற்றறியோ, சிஆர்2032 என்ற வட்டப் பற்றறியோ இருக்கும். இரண்டிலும் ஒவ்வொன்றை வரும்போதே கொண்டுவரலாம். வட்டப் பற்றறி லித்தியம் என்பதால் உதிரியாக வருவதைக் கைப்பையிலேயே வைக்க வேண்டும். புதுப் பற்றறி போட்டும் அருகில் நின்றால் மட்டுமே வேலை செய்தால், கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து அன்ரெனாவாகத் தொங்கும் மெல்லிய வயரைப் பாருங்கள். 433 மெகாஹேர்ட்ஸ் அலைவாங்கிக்கு அது ஏறக்குறைய 17 சென்ரிமீற்றர் நீளத்தில் நேராகத் தொங்க வேண்டும். வர்ணம் பூச வந்தவர் அதைச் சுருட்டிச் செருகியிருப்பார். பெட்டிக்கருகே புதிதாகப் போட்ட மலிவான எல்ஈடி மின்குமிழும் அலையைக் குழப்பக்கூடும், அதை அணைத்துவிட்டு ஒருமுறை முயலுங்கள். இடையில் வீட்டை வாடகைக்குக் கொடுத்திருந்தால், பெட்டியின் நினைவிலுள்ள எல்லா றிமோட்டுகளையும் அழித்துவிட்டு உங்களுடையதை மட்டும் மீண்டும் பதிவு செய்யச் சொல்லுங்கள். பழைய றிமோட் யார் கையில் இருக்கிறது என்பது எவருக்கும் தெரியாது.

இறங்கிய கதவு பாதியில் நின்று மீண்டும் மேலே போவதைப் பேயின் வேலை என்று சொன்ன ஒரு பெரியம்மாவை எனக்குத் தெரியும். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் எதிரெதிராகப் பொருத்தப்பட்ட, குறுக்கே தடை இருந்தால் உணர்ந்து கதவைத் திருப்பும் ஒளிக் கண்களில் ஒன்றைச் சிலந்தி வலை மூடியிருந்தது. துணியால் துடைத்து, இரண்டும் நேர்கோட்டில் பார்க்கின்றனவா எனச் சரிபார்த்தால் போதும். கண்கள் சுத்தமாக இருந்தும் அப்படி நடந்தால் இரு பக்கத் தண்டவாளங்களையும் கவனியுங்கள். பூட்டிக் கிடந்த காலத்தில் குளவி அங்கே மண்கூடு கட்டியிருக்கும். கூட்டைத் தட்டி, மணலைத் துடைத்து, சிலிக்கன் தெளிப்பு அடியுங்கள். கிறீஸ் வேண்டாம், அது புழுதியைப் பிடித்துச் சில மாதங்களில் அரத்தாளைப் போல் ஆகிவிடும். கதவு முழுவதும் மூடாமலோ, மேலே மிஞ்சிச் சுருண்டோ நின்றால் கதவு எங்கே நிற்க வேண்டும் என்று மோட்டருக்குச் சொல்லும் எல்லைச் சுவிச் இடம் மாறியிருக்கிறது. உருளையின் வில்லையும் அதைத் தாங்கும் பிடிகளையும் மட்டும் எவரும் தாமாகக் கழற்றக் கூடாது. இறுக்கி முறுக்கப்பட்ட அந்த வில் விடுபடும் வேகத்தில் எலும்பு முறியும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களில் ஊருக்கு வந்தவர் எல்லோரும் ஒரே நேரத்தில் தேடுவதால், கதவு திருத்துபவர் கிடைப்பது சிரமம். வருமுன்பே ஒருவரிடம் நாள் கேட்டு வைப்பது நல்லது.

கனடாவிலிருந்து மோட்டரையே வாங்கிக்கொண்டு வரும் அன்பர்களும் உண்டு. அங்கே 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். மின்மாற்றி வோல்ட்டை மாற்றும், ஹேர்ட்ஸை மாற்றாது. அதனால் அத்தகைய மாறுமின் மோட்டர் மெதுவாகச் சுழன்று கூடுதலாகச் சூடேறும். அந்தக் காசுக்கு இங்குள்ள மோட்டரையும் மாற்றுப் பற்றறிகளையும் வாங்கலாம். மின்தடையின்போது கதவை இயக்கும் அந்தப் பற்றறிகள் வீண் செலவல்ல. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றது. 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் மின்சாரம் போனபோது, பாணந்துறை உபமின்நிலையத்தில் பாய்ந்த குரங்கே காரணம் என்று அமைச்சர் கூறினார்.

திரும்பிப் போகும் நாளில் மின்னலை நினைத்துக்கொள்ளுங்கள். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடிமின்னல் கடுமையாக இருப்பதால் மோட்டரின் பிளக்கைக் கழற்றி வைப்பதே பாதுகாப்பு. ஆனால் கழற்றினால் உள்ளிருக்கும் ஈய அமிலப் பற்றறி தானாக இறங்கி, மாதக்கணக்கில் வெறுமையாகக் கிடந்து செத்துப்போகும். பற்றறியின் இணைப்பையும் பிரித்து, வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இரண்டையும் பொருத்தி ஒரு நாள் மின்னேற்றச் சொல்லுங்கள்; கதவையும் அன்றே இருமுறை ஏற்றி இறக்கட்டும். றிமோட்டின் பற்றறியைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றி வையுங்கள். பக்கக் கதவின் திறப்பை அந்த ஆணியில் மாட்டாதீர்கள்.