சாம்பெயின்-அர்பானாவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

முதலில் வீடு. அமெரிக்காவின் இந்த இரட்டை நகரத்தில், இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சுற்றி வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஆகஸ்டில் தொடங்கி ஆகஸ்டில் முடிகின்றன. அந்த மாத நடுவில் காலி செய்கிறவர்கள் மேசை நாற்காலிகளைத் தெருவோரம் விட்டுச் செல்வார்கள். மரச்சாமான் என்றால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். மெத்தையும் சோபாவும் வேண்டவே வேண்டாம், மூட்டைப்பூச்சியும் கூடவே குடிவந்துவிடும்.

கார் வாங்க அவசரப்படாதீர்கள். மாணவர் அட்டை இருந்தால் நகரப் பஸ்ஸில் கட்டணமில்லை. சிகாகோவுக்கு ரயில் இருக்கிறது.

குளிருக்குத் தடித்த கோட்டு ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். உள்ளே உடலோடு ஒட்டிய வெப்ப உள்ளாடை, நடுவில் கம்பளி, வெளியே காற்றுப் புகாத மேலாடை. சுற்றிலும் சோள வயல், தடுக்க ஒரு குன்றுகூட இல்லை. இங்கே ஆளை வாட்டுவது காற்றுதான்.

மாதத்தின் முதல் செவ்வாய் காலை 10 மணிக்கு, சுழற்காற்று (டொர்னாடோ) வருவதை எச்சரிக்கும் அபாயச் சங்கு ஒலித்தால் அது சோதனை. மற்ற வேளையில் ஒலித்தால் வேடிக்கை பார்க்க வெளியே வராமல், நிலவறைக்கோ ஜன்னல் இல்லாத உள்ளறைக்கோ உடனே போய்விடுங்கள்.

வளாகத்தில் மாரோ வயலை அவசியம் பாருங்கள். 1876 முதல் அங்கே பயிர் ஆய்வு நடக்கிறது. சோளத்தின்மேல் நிழல் விழக்கூடாது என்று பக்கத்து நூலகத்தையே நிலத்தடியில் கட்டினார்கள். எனக்கு இந்த ஊர் பிடித்துப்போனது அதனால்தான்.