ஆப்போ தீவில் டைவ் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

பிலிப்பைன்ஸின் நீக்ரோஸ் தீவிலிருந்து சுமார் 7 கிலோமீட்டர் தள்ளி, வெறும் 74 ஹெக்டேர் பரப்பில் நிற்கும் எரிமலைத் தீவு ஆப்போ. சில்லிமான் பல்கலைக்கழகத்தின் ஏஞ்சல் அல்காலா, ஊர் மீனவர்களுடன் 1980களில் உருவாக்கிய மீன் காப்பிடத்தால் பேர் பெற்றது. 2011, 2012 டிசம்பர் சூறாவளிகளில் காப்பிடத்துப் பவளம் நொறுங்கிவிட்டது. அங்கே மறுபடி முளைக்கும் குருத்துகளுக்கு ஒரு உதையே போதும்.

அந்த உதை பெரும்பாலும் ஈயக்கட்டியால் வருகிறது. மூழ்க முடியாதோ என்ற பயத்தில் 2, 3 கிலோ கூடுதலாகக் கட்டிக்கொள்கிறார்கள். அதை ஈடுகட்ட, காற்றடைக்கும் மிதவைச் சட்டையில் காற்று ஏற்ற, நெஞ்சு மிதந்து இடுப்புக்குக் கீழே தொங்குகிறது. காலில் மாட்டிய துடுப்பு பவளத்தை உரசுகிறது. மேலே வரும்போதும் தொல்லைதான்: 10 மீட்டரில் ஏற்றிய காற்று நீர்மட்டத்தில் இரு மடங்காக விரிந்து ஆளை வேகமாகத் தூக்கிவிடும்.

எடையைச் சரிபார்ப்பது எளிது. சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் ரெகுலேட்டர் வாயில் இருக்கட்டும். சட்டைக் காற்றை முழுக்க வெளியேற்றி, சாதாரண மூச்சைப் பிடித்து, நீர்மட்டத்தில் காலை அசைக்காமல் நிமிர்ந்து நில்லுங்கள். தண்ணீர் கண்மட்டத்தில் நிற்க வேண்டும். மூச்சை விட்டால் மெல்ல இறங்க வேண்டும். டைவ் முடிந்து சிலிண்டரில் 50 பார் (காற்றழுத்த அளவு) மிச்சமிருக்கும்போது பார்ப்பதே உத்தமம். 11 லிட்டர் சிலிண்டரில் 150 பார் காற்று தீர்ந்தால் ஏறக்குறைய 2 கிலோ எடை போயிருக்கும். நிறைந்த சிலிண்டரோடு பார்த்தால் அந்த 2 கிலோவைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கறுப்பு மணலில் சரம்சரமாகக் குமிழி கிளம்பினால் கீழே ஆள் இருப்பதாக நினைத்து இறங்க வேண்டாம். எரிமலை வாயு அது.

அடுத்தது கிளாத்தி மீன். பெரிய ரகம் முட்டைக்குக் காவல் நிற்கும்போது முதுகு முள்ளை நிமிர்த்தி எச்சரிக்கும். மிரண்டு மேலே ஏறுகிறவர்களைத்தான் துரத்தித் துரத்திக் கடிக்கும். அதன் எல்லை கூட்டிலிருந்து மேல்நோக்கி விரியும் கூம்பு. மேலே போகப்போக எல்லைக்குள்ளேயேதான் இருப்பீர்கள். துடுப்பை மீனின் பக்கம் நீட்டியபடி, பக்கவாட்டில் கிடைமட்டமாக விலகுங்கள்.

ஆமையை முன்னால் மறித்துப் படமெடுக்காதீர்கள், மூச்சுக்கு மேலே போகும் வழியை அடைக்காதீர்கள். பட்டைக் கடற்பாம்பு சாது, ஆனால் கொடிய விஷம்; கையில் பிடித்துப் பார்க்கும் ஆசை வேண்டாம்.

தீவின் முனைகளில் நீரோட்டம் கடுமை. எதிர்த்து நீந்தினால் காற்றுதான் தீரும். கூட்டத்தோடு சேர்ந்தே இறங்கி, ஓட்டத்தோடு போங்கள். பங்கா (இருபுறமும் மிதவைக் கட்டை கொண்ட உள்ளூர்ப் படகு) பின்தொடரும். படகோட்டிக்கு உங்கள் இடம் தெரிய, மேற்பரப்பு மிதவை ஆளுக்கு ஒன்று அவசியம். அதை விரித்துவிட்டு 5 மீட்டரில் 3 நிமிடம் நின்று வாருங்கள்.

நீக்ரோஸ் தீவின் டுமகெட்டே நகரிலிருந்து விடியற்காலை விமானம் பிடிப்பது கடைசித் தவறு. பல டைவ்கள் போனவர்களுக்குக் குறைந்தது 18 மணி நேர இடைவெளி வேண்டும். மாலை 3 மணிக்குக் கரையேறினால், மறுநாள் காலை 9 மணிக்கு முன் எந்த விமானமும் உங்களுக்கில்லை.