பெர்லினில் யானை இ1: கறுப்பில் ட்ரா எடுக்கும் வழி

சதுரங்கத்தில் உங்களுக்குக் கறுப்புக் காய், ட்ரா தரும் அரைப் புள்ளி போதும். வெள்ளை மூன்றாவது நகர்த்தலில் பிஷப்பை பி5-ல் வைக்கும் ரூய் லோபஸ் தொடக்கத்துக்கு எதிராக, குதிரை எஃப்6 என்று பதில் சொல்லும் பெர்லின் தற்காப்பு ஆடுங்கள். ஜெயித்தே ஆக வேண்டுமென்றால் வேறு தொடக்கம் தேடுங்கள். 2013 சென்னை உலகச் சாம்பியன் போட்டியின் 8-வது ஆட்டம் நல்ல மாதிரி: கார்ல்சன் வெள்ளை, ஆனந்த் கறுப்பு, 33 நகர்த்தலில் ட்ரா. முன்னிலையில் இருந்த கார்ல்சனுக்குத்தான் அது லாபம்.

தொடக்கம் (கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுவரிசை, எண் கிடைவரிசை; வெள்ளையும் கறுப்பும் மாறி மாறி): இ4, இ5, குதிரை எஃப்3, குதிரை சி6, பிஷப் பி5, குதிரை எஃப்6, வெள்ளை கேஸ்லிங் (ராஜாவை ஓரமாக நகர்த்தி யானையை அதன் மறுபக்கம் வைப்பது), குதிரை இ4-ஐ வெட்டுகிறது, யானை இ1, குதிரை டி6, வெள்ளைக் குதிரை இ5-ஐ வெட்டுகிறது.

இங்கே பி5 பிஷப்பை வெட்டக் கை துடிக்கும். வெட்டினால் வெள்ளைக் குதிரை சி6-ஐ வெட்டும். யானையின் செக் திறக்கும், ராணி போய்விடும். முதலில் பிஷப்பை இ7-ல் வைத்து இ வரிசையை அடைத்துவிடுங்கள். பிஷப் எஃப்1-க்குப் பின்வாங்கியதும் இ5-ல் குதிரைகளை மாற்றிக்கொண்டு கேஸ்லிங்.

வெள்ளை டி4 ஆடினால் பிஷப் எஃப்6, பிறகு யானை இ8, ஒரு ஜோடி யானை மாற்றம். அடுத்து ஆனந்த் குதிரையை டி6-லிருந்து இ8-க்கு இழுத்தார். பார்க்க மந்தமான நகர்த்தல்தான், ஆனால் வெள்ளை பிஷப் எஃப்4-க்கு வந்தால் சி7-ஐ ராணியோடு அந்தக் குதிரையும் காக்கும். பிறகு டி5, ஜி6, குதிரை ஜி7, சி6, பிஷப் எஃப்5. வெள்ளைக் கட்ட பிஷப்புகள் பலகையை விட்டுப் போனால் பாதி வேலை முடிந்தது.

கடைசி மாற்றம் கூர்மையானது. 25-வது நகர்த்தலில் கார்ல்சன் ராணியைக் கொடுத்து இ8 யானையை வெட்டினார்; இ8-லேயே குதிரையையும் யானையால் வெட்டினார்; ஆனந்தின் ராணி அந்த யானையை வெட்டியது; எஃப்6-ல் குதிரை செக் கொடுத்து ராணியைத் திரும்ப எடுத்தது. ராஜா அந்தக் குதிரையை வெட்டியதும் மிச்சம் ஆளுக்கு ஏழு சிப்பாய்.

சிப்பாய் ஆட்டத்தில் வாசலை அடைப்பதே குறி. எஃப்4-க்கு எஃப்5 பதில்: இ4, ஜி4 இரண்டும் வெள்ளை ராஜாவுக்குக் கிடைக்காது. பி5, எச்5 சிப்பாய்களும் நின்றால் சுவர் முழுசு. வெள்ளை ஏ4 தள்ளினால் வெட்டாதீர்கள். வெட்டினால் வெள்ளை ராஜா ஏ4 வழியே உள்ளே வரும். ஏ6 ஆடுங்கள், பி5-ல் வெட்டினால் ஏ சிப்பாயால் திருப்பி வெட்டுங்கள்.

ட்ரா கேட்கும்போது வரிசை முக்கியம்: முதலில் நகர்த்தல், பிறகு கேள்வி, கடைசியாகக் கடிகாரம். நகர்த்தல் தாளில் சமக்குறி (=) போட மறக்காதீர்கள்.