பேனர் சட்டகம்: காற்றை மறந்து செய்யும் தவறுகள்

பத்துக்கு எட்டு அடி அளவுள்ள ஒரு ஃபிளெக்ஸ் பேனரைச் சுருட்டித் தோளில் வைத்துப் பார்த்தவர்களுக்கு அதன் எடை தெரியும். சாதாரண 300 ஜிஎஸ்எம் தாளாக, அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ளதாக, இருந்தால் இரண்டேகால் கிலோவுக்கு மேல் இராது. பட்டறைக்கு வந்து “இந்த பேனருக்கு ஒரு பிரேம் போட்டுக் கொடுங்கள், லேசாக இருந்தால் போதும்” என்று கேட்பவர்கள் இந்த இரண்டேகால் கிலோவை மனத்தில் வைத்துத்தான் கேட்கிறார்கள். மற்ற தவறுகள் பெரும்பாலும் இங்கிருந்தே கிளைக்கின்றன. சட்டகம் சுமப்பது துணியை அன்று, துணியின் மேல் வந்து மோதும் காற்றை.

அந்தக் காற்று எவ்வளவு என்பதை ஒரு எளிய கணக்கால் அறியலாம். காற்றின் வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்து, அதன் வர்க்கத்தை 0.6 ஆல் பெருக்கினால், ஒரு சதுர மீட்டரில் விழும் அழுத்தம் நியூட்டனில் கிடைக்கும். கட்டடங்களுக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 875-இன் மூன்றாம் பகுதியும் இந்தச் சூத்திரத்தையே அடிப்படையாகக் கொண்டுள்ளது. பத்துக்கு எட்டு அடி பேனரின் பரப்பு ஏறத்தாழ 7.4 சதுர மீட்டர். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று அதன் மேல் 45 கிலோ எடைக்குச் சமமான விசையைச் செலுத்தும். வேகம் 72 ஆனால் விசை 90 ஆகாது, 180 கிலோ ஆகும். 108 ஆனால் 400 கிலோவைத் தாண்டும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும் என்பதைப் பலர் உணர்வதில்லை. “போன மாதம் நல்ல காற்று அடித்தது, அதற்கே ஒன்றும் ஆகவில்லை” என்ற சமாதானம் பொருளற்றுப்போவது இதனால்தான். தட்டையான பலகை போன்ற வடிவத்துக்கு இந்த எண்கள் இன்னும் சற்றுக் கூடும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

டெல்டாவில் சட்டகம் நடுவோர் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும்: இங்கே காற்று ஒரே திசையிலிருந்து வருவதில்லை. அம்மியையே பறக்கவிடும் என்று பழமொழி சொல்லும் ஆடிக்காற்று மேற்கிலிருந்து, பாலக்காட்டுக் கணவாய் வழியே நுழைந்து திருச்சி, தஞ்சை எனச் சமவெளி நெடுக வீசுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையோடு திசை தலைகீழாகிறது. புயலின்போது நிலைமை இன்னும் மோசம். புயலின் மையம் கடந்து செல்லச் செல்ல, ஒரே இரவுக்குள் காற்று ஒரு திசையில் தள்ளிவிட்டு எதிர்த்திசையிலிருந்து திரும்ப வந்து அடிக்கும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதை அறியாமல் செய்யும் தவறு உதைகாலில் தெரியும். சட்டகத்தின் பின்புறம் சாய்வாக ஒரு குழாயை முட்டுக் கொடுத்து, அதன் அடியில் ஒரு கருங்கல்லை வைத்துவிட்டு வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். முன்பக்கத்திலிருந்து காற்று வரும்வரை அந்த உதைகால் நன்றாகத் தாங்கும். பின்பக்கத்திலிருந்து வந்தால், மண்ணில் பிடிப்பில்லாத அதன் அடி கல்லை விட்டு எழும்பிவிடும். ஆடி மாதத் திருவிழாவுக்கு நட்டு, அப்படியே தீபாவளி விளம்பரத்துக்கும் பயன்படுத்தும் சட்டகங்கள் கார்த்திகையில் சாலைப்பக்கம் குப்புற விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. உதைகாலின் அடியையும் குழி தோண்டிக் கான்கிரீட்டில் புதைக்க வேண்டும். அது தள்ளுவதைத் தாங்குவதோடு இழுப்பதையும் தாங்க வேண்டும். கயிறோ கம்பியோ கட்டுவதானால் அது இழுக்க மட்டுமே பயன்படும் என்பதால் இரண்டு பக்கமும் கட்டுவது கட்டாயம்.

குழி விஷயத்தில் தாராளமாக இருப்பதாக நினைத்து ஏமாறுவோர் உண்டு. இரண்டடிக்கு இரண்டடி அகலமும் மூன்றடி ஆழமும் உள்ள குழியில் கான்கிரீட் நிரப்பினால் ஏறத்தாழ 815 கிலோ. இரண்டு கால்களுக்கும் சேர்த்து 1,630 கிலோ. வெறும் 180 கிலோ காற்று இதை என்ன செய்துவிடும் என்று தோன்றும். பேனரின் அடிவிளிம்பு தரையிலிருந்து ஆறடி உயரத்தில் இருந்தால் அதன் நடுப்பகுதி பத்தடியில் இருக்கும். குழியின் அடியிலிருந்து கணக்கிட்டால் பதின்மூன்று அடி. அந்த 180 கிலோ பதின்மூன்று அடி நீளமுள்ள கடப்பாரையின் நுனியில் நின்று நெம்புகிறது, பெருக்கினால் 2,340. கான்கிரீட்டின் எடையோ தன் அகலத்தில் பாதியான ஓரடிக் கையில் மட்டுமே எதிர்த்து நிற்கிறது, பெருக்கினால் 1,630. மீதியைச் சுற்றியுள்ள மண் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அந்த மண்தான் இங்கே நம்ப முடியாதது. டெல்டாவின் களிமண் கோடையில் பாளம் பாளமாக வெடித்து, கான்கிரீட்டின் ஓரத்தில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விடும். மழையில் ஊறியதும் குழம்பாகும். வெயில் காலத்தில் கடப்பாரை இறங்காத இடத்தில் நட்ட கால், தண்ணீர் தேங்கும் கார்த்திகையில் சாய்ந்து நிற்பதை வாய்க்கால் ஓரங்களில் ஆண்டுதோறும் காணலாம். வல்லம் பக்கத்துச் செம்மண்ணில் தேர்ந்த அதே அளவை மன்னார்குடியிலும் திருத்துறைப்பூண்டியிலும் அப்படியே பயன்படுத்துவது இதனால் தவறு. குழியைப் பெரிதாக்கிக்கொண்டே போவதைவிட, ஆறடி பின்னால் உதைகாலின் அடியைப் புதைப்பது மலிவானது; நெம்புகோலுக்கு எதிரான கை ஓரடியிலிருந்து ஆறடியாக நீண்டுவிடுகிறது. ஒன்றரை அடிச் சதுரமும் இரண்டடி ஆழமும் உள்ள இரண்டு சிறு குழிகள் உதைகால்களுக்குப் போதுமானவை. தோண்டிய மண்ணைத் திரும்பத் தள்ளி மிதித்துவிட்டுப் போவது அடித்தளம் ஆகாது என்பதையும், கான்கிரீட் இட்ட அன்று மாலையே பேனரை ஏற்றுவது அதைவிடத் தவறு என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது. குறைந்தது ஒரு வாரம் நீராற்றி இறுகவிட வேண்டும்.

குழாயின் அளவுக்கு வருவோம். கடையில் ‘ரெண்டு இஞ்ச் ஸ்கொயர்’ என்று கேட்டு வாங்குவோர் தடிமனைக் கேட்பதில்லை. கேஜ் எண் கூடக்கூடத் தகடு மெலியும்: 14 கேஜ் 2 மில்லிமீட்டர், 16 கேஜ் 1.6, 18 கேஜ் 1.2. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். விலை வித்தியாசம் மட்டும் மெலிந்ததன் பக்கம் கையை இழுக்கும். இந்த மூன்றில் தடித்ததான 2 மில்லிமீட்டர் குழாயே, மேலே சொன்ன பேனரை உதைகால் இல்லாமல் இரண்டு கால்களில் தாங்கினால், 72 கிலோமீட்டர் காற்றில் இரும்பின் தாங்குதிறனைத் தாண்டித் தரையை ஒட்டி மடங்கிவிடும். மூன்று அங்குலக் குழாயை 3 மில்லிமீட்டர் தடிமனில் எடுத்தால் அந்த வேகத்தைத் தாராளமாகத் தாங்கும், ஆனால் 108 கிலோமீட்டரில் அதுவும் போதாது. எனவே, உதைகாலை அலங்காரமாகவோ கூடுதல் பாதுகாப்பாகவோ எண்ணாமல், கால்களைப்போலவே சட்டகத்தின் பகுதியாகக் கொள்ள வேண்டும். குழாயை வாங்கும்போது வெட்டிய நுனியை வெர்னியர் அளவுகோலால் அளந்து பார்க்கக் கடைக்காரர் தயங்கினால், வேறு கடைக்குப் போகலாம்.

நாகை, வேதாரண்யம், தரங்கம்பாடி போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று தன் பங்குக்கு இரும்பைத் தின்கிறது. வெளியே துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு அடித்து, அதன் மேல் வண்ணமும் பூசி, குழாயின் மேல்நுனியை மட்டும் திறந்தபடி விட்டுவிடுகிறார்கள். மழைநீர் உள்ளே இறங்கி, கான்கிரீட்டில் புதைந்த அடியில் தங்கி, உள்ளிருந்தே அரிக்கும். வண்ணம் பளபளப்பாக இருக்க, உள்ளே தகடு காகிதமாகியிருக்கும். மேல்நுனியை மூடிப் பற்றவைக்க வேண்டும். கான்கிரீட்டைத் தரைமட்டத்தோடு நிறுத்தாமல் அரையடி உயர்த்தி, நீர் வழிந்தோடச் சரிவாகப் பூச வேண்டும். துத்தநாகம் பூசிய குழாயைப் பற்றவைக்கும் இடத்தில் பூச்சு எரிந்துபோவதால், அந்த இணைப்புகளில் துத்தநாக வண்ணத்தைத் திரும்ப அடிக்க வேண்டும். இதைச் செய்யும் பட்டறைகள் குறைவு.

நான்கு நாள் திருமண பேனருக்கு இரும்பு தேவையில்லை, சவுக்குக் கம்பே போதும் என்பது நியாயமான எண்ணம்தான். கம்பு நன்றாகத்தான் இருக்கிறது, கட்டும் முடிச்சில்தான் கோளாறு. கயிற்றுக் கட்டு மழையில் இறுகி, வெயிலில் காய்ந்ததும் தளரும். நைலான் கயிறு வழவழப்பான பச்சைக் கம்பில் நழுவும். பந்தல் வேலையில் பழகியவர்கள் மறுநாள் காலையில் வந்து ஒவ்வொரு முடிச்சையும் தட்டிப் பார்ப்பார்கள். பேனர் கட்டிவிட்டுப் போகிறவர்கள் பேனரைக் கழற்றும் நாளில்தான் மறுபடி வருகிறார்கள், அதுவும் வந்தால்.

ஃபிளெக்ஸில் பிளேடால் பிறை வடிவத்தில் கீறிவிட்டால் காற்று போய்விடும் என்ற நம்பிக்கை எல்லா ஊர்களிலும் உண்டு. நாலைந்து கீறல்களின் மொத்தப் பரப்பு பேனரின் பரப்பில் மிகச் சிறிது என்பதால் விசை குறிப்பிடத்தக்க அளவு குறைவதில்லை. மாறாக, ஒவ்வொரு கீறலும் கிழிசல் தொடங்கும் இடமாகிறது. காற்று ஊடே போக வேண்டுமானால் வலைபோன்ற மெஷ் ஃபிளெக்ஸை வாங்க வேண்டும். இன்னொரு பக்கம், பேனர் கிழியவே கூடாது என்று சுற்றிலும் இரும்புப் பட்டை வைத்துத் திருகி இறுக்குவோரும் உண்டு. அளவுக்கு மீறிய காற்றில் முதலில் அறுபட வேண்டியது கட்டுக்கயிறு, அடுத்துத் துணி. சட்டகம் கடைசிவரை நிற்க வேண்டும். ஓரத்து வளையத் துளைகள் வழியே மெல்லிய கயிற்றால் கட்டிய பேனர் ஒரு பக்கம் அறுந்து படபடத்தால் நஷ்டம் சில நூறு ரூபாய். 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் சாலை நடுவில் வைத்த பேனர் இருசக்கர வண்டியில் சென்ற ஓர் இளம்பெண்ணின் மேல் விழ, அவர் பின்னால் வந்த தண்ணீர் லாரியில் சிக்கி இறந்தார். அங்கே விழுந்ததும் வெறும் பேனர்தான். ஆகவே, அறுந்தாலும் சாலையில் போய் விழாத இடமாகத் தேர்வது எந்தக் கட்டுக்கும் முந்தியது.

தனித்தனி பேனர்களை இடைவெளியின்றி ஒட்டி வைத்து மதில்போல் ஆக்குவது கட்சி மாநாடுகளில் வழக்கம். ஒன்று சாய்ந்தால் அது அடுத்ததையும் இழுக்கும். பெரிதாக்கும் ஆசைக்கு மும்பை காட்கோபரில் விலை கொடுத்தார்கள்: 40 அடிக்கு 40 அடி என்ற வரம்பு இருந்த நகரத்தில் 120 அடிக்கு 120 அடியாக நின்ற விளம்பரப் பலகை 2024 மே 13 அன்று புழுதிக்காற்றில் ஒரு பெட்ரோல் பங்கின் மேல் சரிந்து 17 பேர் இறந்தார்கள்.

மொட்டைமாடியில் வைப்பவர்கள் கைப்பிடிச்சுவரில் கட்டக் கூடாது. நாலரை அங்குலச் செங்கல் சுவர் மனிதர் சாய்ந்து நிற்பதற்கானது. பக்கவாட்டில் நூற்றுக்கணக்கான கிலோ இழுப்பைத் தாங்க அதில் கம்பி கிடையாது. தூண்களும் உத்திரங்களும் உள்ள இடத்தில் அடித்தகடு வைத்து ஆங்கர் போல்ட்டால் பிணைக்க வேண்டும். துளையிட்ட இடத்தில் தட்டோட்டுப் பூச்சைச் சரிசெய்யாவிட்டால் அடுத்த மழையில் கீழ்வீட்டுக் கூரை ஒழுகும். மெட்ராஸ் டெரஸ் எனப்படும் பழைய சுண்ணாம்பு மாடிகளில் வைக்காமல் இருப்பதே நல்லது.

மின்கம்பியைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். 11 கிலோவோல்ட் கம்பியிலிருந்து பக்கவாட்டில் 1.2 மீட்டர், 33 கிலோவோல்ட்டாக இருந்தால் 2 மீட்டர் இடைவெளியைக் கட்டடங்களுக்கு மின்பாதுகாப்பு விதிகள் குறைந்தபட்சமாகக் கேட்கின்றன. நட்டு முடித்த சட்டகத்துக்கு இந்த இடைவெளி போதலாம். ஆனால் நடும்போது படுக்கையிலிருந்து தூக்கி நிறுத்தும் பதினைந்து அடிக் குழாய் ஒரு வட்டம் போடுகிறது. விபத்து நடப்பது அந்தச் சில நொடிகளில்தான். 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் தேர் உயரழுத்தக் கம்பியில் உரசிப் பதினோரு பேர் இறந்த பின்னும், மின்கம்பத்திலேயே பேனரைக் கட்டும் பழக்கம் இம்மாவட்டங்களில் விடவில்லை. தூக்கி நிறுத்தும் நீளத்துக்கு மேல் ஒரு மனித உயரம் சேர்த்து, அந்த வட்டத்துக்குள் கம்பி எதுவும் இல்லாத இடமாகப் பார்க்க வேண்டும். இல்லையெனில் மின்வாரியத்திடம் கேட்டு மின்சாரத்தை நிறுத்திய பிறகே கை வைக்க வேண்டும்.

சாலையின் குறுக்கே ஆர்ச் வைப்பவர்கள் பேருந்தின் உயரத்தை நினைக்கிறார்கள். தை, மாசியில் வைக்கோல் போர் ஏற்றிய டிராக்டர்களும், டிரெய்லரில் ஏறிவரும் அறுவடை இயந்திரங்களும் அதே சாலையில் வரும். பதினெட்டு அடிக்குக் குறையாமல் தலைவெளி வேண்டும். டெல்டாவின் சாலைகள் பல ஆற்றங்கரையிலும் வாய்க்கால் கரையிலும் ஓடுகின்றன. அந்தக் கரைகள் கொட்டி உயர்த்திய மண்ணால் ஆனவை. அங்கே தோண்டும் குழி சட்டகத்துக்கும் பிடிப்புத் தராது, மேட்டூர் திறந்து தண்ணீர் முழுமட்டத்தில் போகும்போது கரைக்கும் நல்லதில்லை. உள்ளாட்சியின் அனுமதியை எழுத்தில் பெறாமல் பொது இடத்தில் நடுவது குற்றம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், எனவே நீட்டவில்லை.

எஞ்சியிருப்பது கழற்றுதல். புயல் வரும் என்றால் சட்டகத்துக்கு இன்னும் கயிறு கட்டி வலுப்படுத்த ஓடுகிறார்கள். துணியை இறக்கிவிட்டால் சட்டகத்தின் மேல் காற்று மோதும் பரப்பு மிகச் சிறிதாகிவிடும். வலுப்படுத்த வேண்டிய தேவையே மறைந்துவிடும். இரண்டு ஆட்கள் இருந்தால் பத்துக்கு எட்டு பேனரை இறக்க அரைமணி நேரம் போதும், காற்று எழும்பாதவரை. எழும்பிய பின் ஏணியில் ஏறி ஒரு மூலையை அவிழ்த்தால், மீதித் துணி பாயாக விரிந்து ஆளையும் ஏணியையும் சேர்த்து இழுக்கும். ஆகவே, நாகை துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிய செய்தி வந்த அன்றே, வானம் வெளுத்திருந்தாலும், கீழ்மூலைகளிலிருந்து தொடங்கி அவிழ்த்துவிட வேண்டும்.