கதிரூட்டிய மசாலா: வாங்குவோரும் பொட்டலம் போட்டு விற்போரும் கவனிக்க வேண்டியவை

மிளகும் மிளகாயும் கொத்தமல்லியும் களத்தில் காயும்போதே மண்ணும் பறவை எச்சமும் பூச்சி முட்டையும் சேர்ந்துவிடுகின்றன. உலர்ந்த மிளகில் சால்மொனெல்லா கிருமி மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நீராவி காட்டினால் மணமும் நிறமும் குறையும் என்பதால், ஏற்றுமதியாளர்கள் சிலர் சரக்கை மூட்டையோடு காமா கதிரில் காட்டி அனுப்புகிறார்கள். இதுதான் கதிரூட்டல். இந்தியாவில் நவி மும்பையின் வாஷியில் உள்ள ஆலை 2000 முதல் இந்த வேலையைச் செய்துவருகிறது.

சிங்கப்பூர் இதைத் தடை செய்யவில்லை. கோடெக்ஸ் என்னும் சர்வதேச உணவுத் தரநிலைப்படி கதிரூட்டியிருக்க வேண்டும், லேபிளில் அதைச் சொல்லியிருக்க வேண்டும் என்பதே இங்குள்ள விதி.

இதனால் உணவில் கதிரியக்கம் ஏறாது. கோபால்ட்-60, சீசியம்-137 ஆகியவற்றின் காமா கதிர், 5 மெகா எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்படாத எக்ஸ்ரே, 10-க்கு மேற்படாத எலெக்ட்ரான் கற்றை ஆகியவற்றுக்கு மட்டுமே கோடெக்ஸ் அனுமதி தருகிறது. அணுக்கருவை மாற்றிக் கதிரியக்கம் உண்டாக்காதபடி வகுத்த வரம்பு இது. விமான நிலையத்தில் எக்ஸ்ரே கருவிக்குள் போய்வந்த பை எப்படியோ, மிளகும் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனம் உள்ளிட்ட அமைப்புகளின் நிபுணர் குழு, 10 கிலோகிரே (உணவு வாங்கும் கதிர் ஆற்றலை அளக்கும் அலகு) வரை கதிரூட்டிய உணவால் நச்சு ஆபத்து இல்லை என்று 1980-லேயே முடிவு சொன்னது. 10 கிலோகிரே என்பது தண்ணீரை இரண்டரை டிகிரி அளவுக்குக்கூடச் சூடாக்காத ஆற்றல். ஆனாலும் கிருமியின் மரபணுவை அறுத்துவிடும். உருளை, வெங்காயம் முளைக்காமலிருக்க 0.15 கிலோகிரேக்குள் போதும்; பூச்சிக்கு 1 கிலோகிரே வரை; கிருமி குறைய மசாலாவுக்குப் பல கிலோகிரே தேவைப்படும்.

கதிர் செய்யாத வேலைகளையும் தெரிந்துகொள்ள வேண்டும். பூஞ்சை பிடித்த மிளகாயில் ஏற்கெனவே உருவான அஃப்ளடாக்சின் என்னும் பூஞ்சை நஞ்சு அப்படியே இருக்கும். பூச்சிமருந்து எச்சமும் போகாது. பாக்டீரியாவின் வித்துகள் குறையுமே தவிர முற்றிலும் ஒழியும் என்று நம்பக்கூடாது. முளைவிடாத உருளைக்கிழங்கு புதியது என்றும் பொருளில்லை. தோல் பச்சையேறியிருந்தால் வாங்க வேண்டாம்.

வாங்கும்போது பொட்டலத்தைத் திருப்பி, பொருளின் பெயருக்குப் பக்கத்திலும் சேர்பொருள் பட்டியலிலும் பாருங்கள். ‘இர்ரேடியேட்டட்’ என்ற சொல்லோ ‘ட்ரீட்டட் வித் அயனைசிங் ரேடியேஷன்’ என்ற தொடரோ ஆங்கிலத்தில் இருக்கும். உடைந்த வட்டத்துக்குள் செடி போன்ற பச்சைச் சின்னம், அதாவது ராடுரா, சிலவற்றில் இருக்கும். கோடெக்ஸ்படி அது விருப்பம்தான், சொற்களே கட்டாயம். ‘ஆர்கானிக்’ என்றும் ‘இர்ரேடியேட்டட்’ என்றும் ஒரே லேபிள் சொன்னால் அதை நம்பாதீர்கள். இயற்கை வேளாண்மைத் தரநிலை கதிரூட்டலை ஏற்பதில்லை. முகர்ந்தோ சுவைத்தோ கண்டுபிடிக்கவும் முடியாது. மசாலாவில் ஒட்டிய மண் துகள்களைப் பிரித்துச் சூடாக்கி, அவை விடும் ஒளியை அளக்கும் ஆய்வுக்கூடச் சோதனைதான் வழி.

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் மூட்டையாக வாங்கிச் சிறு பொட்டலம் போடுவோருக்கும் வீட்டிலிருந்தே மசாலாப்பொடி விற்போருக்கும் வேலை இன்னும் அதிகம். பெரிய மூட்டையில் இருந்த அறிவிப்பு 200 கிராம் பொட்டலத்துக்கு வராமலே போவதுதான் இங்கே வழக்கமான பிழை. எனவே காசு கொடுக்கும் முன்பே விநியோகஸ்தரிடம் கதிரூட்டல் சான்றிதழ் கேளுங்கள். பதிவுபெற்ற ஆலையின் அடையாளம், கதிரூட்டிய தேதி, கதிரின் அளவு, லாட் எண் (சரக்குத் தொகுதியின் எண்) ஆகிய நான்கும் அதில் வேண்டும். லாட் எண் மூட்டையில் உள்ளதோடு ஒத்துப்போகாவிட்டால் சரக்கை எடுக்காதீர்கள். மூட்டையில் நிறம் மாறிய ஒட்டுவில்லை இருக்கிறதே என்று விட்டுவிடவும் கூடாது. அது ஆலைக்குள் போய்வந்ததற்கான அடையாளம் மட்டுமே. எவ்வளவு கதிர் வாங்கியது என்பதை அளவுமானிப் பதிவுதான் சொல்லும்.

கலவை போடும்போது ஒரு சிக்கல் உண்டு. கதிரூட்டிய மிளகாயைக் கதிரூட்டாத கொத்தமல்லியோடு அரைத்துவிட்டு, மொத்தத்தையும் மறுபடி கதிரூட்ட அனுப்ப நினைப்பார்கள். கோடெக்ஸ் பொதுவாக மறு கதிரூட்டலை அனுமதிப்பதில்லை. உலர்ந்த தானியம், பருப்பு போன்றவற்றில் மீண்டும் பூச்சி பிடித்தால் விலக்கு உண்டு. கலவையில் கதிரூட்டிய பொருள் 5 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தாலும் விலக்கு உண்டு. மிளகாய் அதிகமுள்ள சாம்பார்ப்பொடி இதில் அடங்காது. எல்லாவற்றையும் அரைத்து முடித்து ஒரே முறை கதிரூட்டுங்கள், அல்லது ஒவ்வொன்றையும் கதிரூட்டியதாகவே வாங்குங்கள்.

கதிருக்குப் பிறகு எந்தப் பாதுகாப்பும் மிச்சமில்லை. அழுக்கு அரைவை இயந்திரம் ஒன்று போதும், பழையபடி கிருமி வந்துவிடும். கதிரூட்டாத சரக்கு ஓடிய இயந்திரத்தைச் சுத்தம் செய்து, முழுக்கக் காயவிட்டு, பிறகே இதைப் போடுங்கள். இங்கே காற்றின் ஈரம் பெரும்பாலும் 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது. திறந்த தட்டில் ஆறவைத்த பொடி ஈரத்தை இழுக்கும், பூஞ்சை அதற்குத்தான் காத்திருக்கிறது. அரைத்த சூடு தணிந்ததும் காற்றுப்புகாத பையில் அடைத்துவிடுங்கள். சூட்டோடு அடைத்தால் உள்ளே வியர்க்கும்.

லேபிளில் பெயரை ஒட்டி ‘இர்ரேடியேட்டட் சில்லி பவுடர்’ என்று எழுதுங்கள். கலவையானால் சேர்பொருள் பட்டியலில் எந்தப் பொருளுக்குக் கதிரூட்டினார்களோ அதன் பக்கத்தில் குறியுங்கள். நிகர எடை, விற்பவர் பெயர் முகவரி, இறக்குமதியானால் உற்பத்தி நாடு ஆகியவை வழக்கம்போல் ஆங்கிலத்தில் வேண்டும். டப்பாவில் கொட்டி உதிரியாக விற்றாலும் அந்தச் சொல்லை டப்பாவின் மேல் ஒட்டிவிடுங்கள். வாங்குபவருக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு.

எத்திலீன் ஆக்சைடு வாயுவை இதோடு குழப்ப வேண்டாம். அதுவும் மசாலாவில் கிருமி கொல்லப் பயன்படுவதுதான், ஆனால் எச்சம் விட்டுச்செல்லும். சிங்கப்பூரில் மசாலாவுக்கு அது வரம்புக்குட்பட்டே அனுமதி. 2024 ஏப்ரலில் இந்தியாவிலிருந்து வந்த ஒரு மீன் மசாலாவில் வரம்பு மீறியதால், அதைத் திரும்பப் பெறும்படி சிங்கப்பூர் உணவு அமைப்பு உத்தரவிட்டது. கிருமிநீக்கம் எந்த முறையில் செய்தார்கள் என்று விநியோகஸ்தரிடம் எழுத்தில் கேளுங்கள். வாயு என்றால் எச்ச அளவுச் சோதனை அறிக்கையும் வாங்குங்கள். பொட்டலத்தில் உங்கள் சொந்த எண்ணைப் போட்டால், அது எந்த மூட்டையின் லாட் என்பதை ஒரு நோட்டில் தேதியோடு பதிந்து வையுங்கள். திரும்பப் பெறும் உத்தரவு வந்தால் எந்தப் பொட்டலங்களை மட்டும் எடுக்க வேண்டும் என்று அந்த நோட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.